நெருப்புக் கொடுத்த கை

சிவகாசி,
14-7-1957.

கர்த்தருக்குள் பிரியமான சுந்தர்ராஜுக்கு,

இன்பராஜ் எழுதுவது. நானும் உன் மாமன் மகள் பூரணியும் இங்கே சுகம். நீ சுகமா என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் பண்ணிவிட்டாய். விருதுநகர் ஸ்டேஷன் சுவரிலிருந்து எங்கள் தெரு முக்குப் பாலம்மாள் இட்லிக் கடை வரைக்கும் 'ஏழாம் நம்பர் கிடங்கு' போஸ்டர்தான். அதில் உன்னைக் காணோம். இருந்தாலும் ஊர்க்காரர்கள் போஸ்டருக்கு முன்னால் நின்றுகொண்டு, இங்கனதான் எங்கேயோ நம்ம சுந்தர்ராஜ் நிக்கான் என்று தேடுகிறார்கள்.

உன் கடிதம் வந்தது. "படத்தைப் பாருலே. என் மூஞ்சியைப் பார்க்காதே, கையைப் பார்" என்று எழுதியிருந்தாய். அதற்கு மேல் நான் படிக்கவில்லை. கையில் தங்க வாட்ச் கட்டியிருப்பாய், அல்லது கல் மோதிரம் போட்டிருப்பாய். மீதி இரண்டு பக்கத்தையும் மடித்து வர்ணப் பெட்டியில் போட்டிருக்கிறேன். மெட்ராஸ் பெருமை எங்கேயும் ஓடிப்போகாது, ஆற அமரப் படித்துக்கொள்ளலாம்.

படத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கப் போவதுமில்லை. ஆனால் கதை முழுவதும் எனக்குப் பாடம். எங்கள் பிரஸ்ஸில் லேபிள் அச்சுக் கல் தேய்க்கும் கண்ணுச்சாமி ஒருத்தன் போதாதா? துறைமுகத்தில் கள்ளக் கடத்தல் செய்கிற ஒரு மேஸ்திரியாம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையாம். சத்தம் போட்டே பேச மாட்டானாம். யாரையாவது தீர்த்துக்கட்டுவதற்கு முன்னால் சுருட்டை வாயில் வைத்துக்கொண்டு, "நெருப்பு இருக்கா தம்பி?" என்று மெதுவாகக் கேட்பானாம். உடனே பின்னால் நிற்கும் அடியாள் ஒருவன் தீக்குச்சியைக் கிழித்து நீட்டுவானாம். அந்த அடியாள் நீயாம். இதற்குத்தான் இம்புட்டு அமர்க்களம்.

பூரணி போன சனிக்கிழமை தன்னோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் ஞானதீபம் டீச்சரோடு விருதுநகர் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். நான் தடுக்கவில்லை, அதைக் குறித்துக்கொள். வீட்டுக்குள் வரும்போதே முகத்தில் ஒரு பிரகாசம். கல்யாணத்தன்றுகூட அவள் முகத்தில் அதை நான் பார்க்கவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல், "ஏங்க, சுந்தர் அத்தான் கையில..." என்று ஆரம்பித்தாள். அந்த அத்தான் என்ற சொல் இருக்கிறதே, அது எனக்கு எங்கே போய்த் தைத்தது என்று உனக்குத் தெரியாது. இனிமேல் அந்தப் பெயரும் அந்தப் படமும் இந்த வீட்டில் கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். "அப்படியா, சரி" என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. முறை உனக்கு, கட்டியது நான். நீ சினிமா சினிமா என்று ஓடாமல் இருந்திருந்தால் உன் மாமா என்னைத் தேடி வந்திருப்பாரா? சினிமாச் சண்டைக்காரனுக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்று அவர் சொன்ன சொல்லில் எனக்குக் கிடைத்த வாழ்வு இது. கல்யாணத்துக்கு வந்தவன் நீயாவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்திருக்கலாம். பந்தியில் நின்று பரிமாறினாய். ஊரே உன்னைப் புகழ்ந்தது.

நானும் சும்மா இல்லை. வருஷத்துக்கு நாற்பது லேபிளாவது வரைகிறேன். மத்தாப்புப் பெட்டி, சரவெடிக் கட்டு, தீப்பெட்டி என்று இந்த ஊரிலிருந்து போகிற லோடுகளில் என் கை படாதது குறைவு. எவனாவது, யாருய்யா இதை வரைஞ்சது என்று கேட்டிருப்பானா? கல்யாண வருஷத்தில் வரைந்த இரட்டைக் குருவி லேபிள் உனக்கு நினைவிருக்கும். முதல் அச்சு வந்ததும் ஒரு டஜன் பெட்டி உன் டிரங்குப் பெட்டியில் போட்டு அனுப்பினேனே, அதுதான். தீப்பெட்டிக் கம்பெனி முதலாளி அதைப் பார்த்துவிட்டு, "ஒரு குருவி நேராப் பாக்குது, இன்னொண்ணு ஏன்யா திரும்பிப் பாக்குது?" என்று கேட்டார். அது எனக்கும் பூரணிக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. ஆராதனை முடிந்து கோயில் வாசலில் அவள் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். அப்படித்தான் நான் அவளை முதலில் பார்த்தேன். இப்போது அவள் யாரைத் திரும்பிப் பார்க்கிறாளோ.

மெட்ராஸில் வெயில் அதிகம் என்கிறார்கள். உடம்பைப் பார்த்துக்கொள். கர்த்தர் உன் ஓட்டத்தைக் காத்து, இந்தப் பக்கம் படம் வராதபடி கொஞ்ச நாள் எனக்கும் இரங்குவாராக.

இப்படிக்கு,
இன்பராஜ்.


சிவகாசி,
9-8-1959.

பிரியமுள்ள சுந்தர்ராஜுக்கு,

இன்பராஜ் எழுதிக்கொண்டது. உன் கடிதம் கிடைத்துப் பதினைந்து நாளாகிறது. ஆர்டர் நெருக்கடியில் பதில் எழுதக் கை ஓயவில்லை. பூரணிக்கு உடம்பு சுகம். மழை இல்லை, கிணற்றில் தண்ணீர் இல்லை, மற்றபடி எல்லாம் வழக்கம்போல்.

உன் படம் மறுபடியும் வந்துவிட்டது. இரண்டு வருஷம் ஆகியும் சாகமாட்டேன் என்கிறது. இருக்கன்குடி அம்மன் கோயிலுக்கு ஆடிக் கூட்டம் போகிறதே, அந்தக் கூட்டத்தை நம்பி ஒரு டூரிங் டாக்கீஸ்காரன் எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள பொட்டலில் கொட்டகை போட்டிருக்கிறான். நேர்த்திக்கடன் தீர்க்கப் போகிறவர்கள் மொட்டைத் தலையோடு வந்து இந்தப் படத்தையும் பார்த்துவிட்டுத்தான் ஊர் போய்ச் சேருகிறார்கள். எங்கள் சபை ஐயர் மூன்று ஞாயிறு இதைக் கண்டித்துப் பிரசங்கம் பண்ணினார். கள்ளனைப் பார்க்க டீச்சரே போகலாமா என்று பூரணியிடம் நேரிலும் கேட்டிருக்கிறார். "சிலுவையில தொங்குன கள்ளனுக்குப் பரதீசு கெடச்சதுல்ல ஐயரே" என்று இவள் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அவருக்கும் மேஸ்திரி வசனம் பாதி மனப்பாடம் என்று கேள்வி.

ஏழாயிரம்பண்ணைப் பட்டாசுக் கம்பெனியில் நடந்ததைக் கேள். அங்கே வாசலிலேயே பீடி, தீப்பெட்டியை வாட்ச்மேன் வாங்கி வைத்துக்கொள்வான். உள்ளே நெருப்பு என்று ஒருத்தரும் வாயால்கூடச் சொல்ல மாட்டார்கள், அது அங்கே ஒரு பழக்கம். வெடிமருந்து கலக்கும் ஷெட்டில் வேலுச்சாமி என்று ஒருவன், திரிக் கட்டு ஒன்றைச் சுருட்டு மாதிரி வாயில் வைத்துக்கொண்டு மேஸ்திரி மாதிரியே, "நெருப்பு இருக்கா தம்பி?" என்று கேட்டிருக்கிறான். போர்மேன் அய்யாதுரை விட்டார் ஒரு அறை. பிறகு அத்தனை பேரையும் வெளியே விரட்டி, அரை நாள் வேலையை நிறுத்தி, தரையெல்லாம் தண்ணீர் தெளித்தாராம். சாயங்காலம் அதே அய்யாதுரை கொட்டகையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார் என்கிறான் கண்ணுச்சாமி.

அப்படி என்னதான் இருக்கிறது அந்தப் படத்தில் என்று நானும் யோசித்துப் பார்த்தேன். இந்தப் பக்கத்துச் சனங்கள் விடிந்ததிலிருந்து பொழுது அடைகிற வரைக்கும் யாராவது ஒருவர் சத்தம் போடுவதைக் கேட்டுக்கொண்டே வேலை பார்க்கிறவர்கள். சத்தமே போடாத ஒருவனைக் கண்டு சத்தம் போடுகிறவர்கள் எல்லாம் நடுங்குவதைப் பார்த்தால் அவர்களுக்குக் குளிர்ச்சியாக இருக்கும்போல. கடைசியில் அவன் சாவதைப் பார்த்து எங்கள் பக்கத்து வீட்டு வள்ளித்தாய் அம்மாள் தன் அண்ணன் செத்த மாதிரி அழுதுவிட்டு வந்து இரண்டு வேளை சாப்பிடவில்லை. இதெல்லாம் எனக்குப் புரிகிறது. புரியாதது வேறு.

சாயங்காலம் ஏழேகால் மணிக்கு, நான் விளக்கடியில் லேபிள் வரைந்துகொண்டிருப்பேன். கொட்டகையிலிருந்து அந்தக் குரல் கேட்கும், நெருப்பு இருக்கா தம்பி என்று. அடுத்த நிமிஷம் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு கைதட்டும் கூச்சலும் கிளம்பும் பார், என் கையில் இருக்கும் தூரிகை கோடு தவறிவிடும். மேஸ்திரிக்குக்கூட அந்தக் கைதட்டு இல்லை. குச்சி கிழிக்கிற உனக்கு! தீப்பெட்டிக் கம்பெனிகளில் குச்சி அடுக்குகிற பெண்கள், லேபிள் ஒட்டுகிற பெண்கள் எல்லோருக்கும் நீ அவ்வளவு பெரிய ஆளாகிவிட்டாயா? பூரணி இந்தத் தடவை மூன்று முறை போய்விட்டாள். என்னிடம் கேட்டுக்கொண்டு போகிறாள், வந்து ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்கிறாள். சிரிப்பை உதட்டுக்குள் வைத்துக்கொண்டு நோட்டுத் திருத்த உட்கார்ந்துவிடுகிறாள். அவள் பேசினாலும் எரிகிறது, பேசாவிட்டாலும் எரிகிறது. கண்ணுச்சாமி வேறு, "அண்ணாச்சி, ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வாங்க, ஒங்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன்" என்று ஆரம்பித்தான். உன் வேலையைப் பாருலே என்று வாயை அடைத்துவிட்டேன்.

இனி உன் விஷயம். சண்டைக் காட்சியில் மதிலிலிருந்து குதித்துக் கால் ஒடிந்ததாகவும், கட்டுப் பிரித்த பிறகும் விந்தி விந்தித்தான் நடக்கிறாய் என்றும், இனிமேல் ஸ்டண்ட் கம்பெனியில் கூப்பிட மாட்டார்கள் என்றும் எழுதியிருந்தாய். வருத்தமாக இருக்கிறது. எங்கள் பிரஸ்ஸில் உட்கார்ந்து செய்கிற மாதிரி ஏதாவது வேலை இருக்குமா என்று கேட்டிருந்தாய். விசாரித்தேன். ஒன்றும் இல்லை. சீசன் முடிந்தால் இருக்கிற ஆட்களையே நிறுத்துவார்கள் போலிருக்கிறது. நீ இங்கே வந்து இருப்பது சரிப்படாது என்று பூரணியும் சொல்கிறாள். மெட்ராஸ் பெரிய பட்டணம். அங்கேயே ஏதாவது வழி பிறக்கும்.

உன் காலைக் கர்த்தர் தொட்டுக் குணமாக்குவாராக.

இன்பராஜ்.


சிவகாசி,
23-9-1962.

என் சுந்தர்ராஜுக்கு,

மூன்று வருஷமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. ஏன் என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. உன் பழைய விலாசத்தில் நீ இல்லை என்று தெரிந்துவிட்டது. இதைக் கொண்டுவந்து கொடுக்கிற ஆள் கருத்தப்பாண்டி, நம் ஊர் லாரி டிரைவர். தீபாவளி லோடு ஏற்றிக்கொண்டு வாரம் ஒரு தடவை மெட்ராஸ் வருகிறவன். போன வாரம் திரும்பி வந்தவன் பிரஸ் வாசலில் என்னைப் பிடித்து நிறுத்தினான். மெட்ராஸில் ஒரு தியேட்டர் வாசலில் சைக்கிள் ஸ்டாண்டில் உன்னைப் பார்த்தானாம். விந்திக்கொண்டே சைக்கிள்களை அடுக்கிக்கொண்டிருந்தாயாம். உள்ளே ஓடிக்கொண்டிருந்தது உன் படமேதானாம். "அண்ணாச்சி, உள்ள போற ஒருத்தனுக்கும் அந்தாளு யாருன்னு தெரியல" என்றான்.

சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு பத்தடி தூரம் அந்தச் சந்தோஷத்தோடு நடந்தேன். அப்புறம் பிரஸ் மதிலில் சாய்ந்து நின்றுவிட்டேன். இத்தனை வருஷம் நான் வயிறெரிந்தது ஒரு சைக்கிள் ஸ்டாண்ட்காரனைப் பார்த்தா என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன்.

படம் இங்கேயும் வந்திருந்தது. அது வராத வருஷம் ஏது? அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் சொல்லாமல் கொட்டகைக்குப் போனேன். ஐந்து வருஷமாக என்னை அரித்த கருமம் எதுவென்று கண்ணால் பார்த்துவிடுவோம் என்றுதான் போனேன். மணலில் துண்டை விரித்து உட்கார்ந்தேன். படம் நன்றாகத்தான் இருக்கிறது. அந்த மேஸ்திரி உள்ளே வந்ததும் எனக்கே முதுகு நிமிர்ந்துவிட்டது.

அந்த இடம் வந்தது. நெருப்பு இருக்கா தம்பி என்று அவன் கேட்டான். பின்னால் நீ நின்றாய். தொப்பி நிழல் உன் மூக்கு வரைக்கும் விழுந்து கிடக்கிறது. பெற்ற தாய்க்கும் அடையாளம் தெரியாது. பிறகு திரை முழுவதும் ஒரு கை. வாட்ச் இல்லை, மோதிரம் இல்லை. கையில் ஒரு தீப்பெட்டி. இரட்டைக் குருவி.

என் குருவி, சுந்தர்ராஜ். கட்டைவிரல் அளவுக்கு நான் வரைந்த குருவி ஒரு மாட்டு வண்டி அளவுக்குத் திரையில் உட்கார்ந்திருந்தது. திரும்பிப் பார்க்கிற கழுத்தில் நான் வைத்த புள்ளிகள்கூடத் தெரிந்தன. குச்சியைக் கிழிக்கும்போது நீ உன் விரல் அதன் மேல் விழாதபடி ஒதுக்கிப் பிடித்திருந்தாய். பெண்கள் பக்கத்திலிருந்து அந்தக் கூச்சல் கிளம்பியது. பின்கட்டிலிருந்து கேட்டபோது வெறும் இரைச்சலாக இருந்தது, உள்ளே உட்கார்ந்தால் தெளிவாகக் கேட்கிறது. "எங்க பெட்டி! எங்க பெட்டி!" என்று கத்துகிறார்கள். அந்தக் கம்பெனியில் குருவி லேபிள் ஒட்டுகிற பெண்கள்தான் அத்தனை பேரும். தாங்கள் ஒட்டின பெட்டி சினிமாவில் வருகிறது என்று ஐந்து வருஷமாகக் கைதட்டிக்கொண்டிருக்கிறார்கள். லேபிளில் என் பெயர் இல்லாததால் அதை வரைந்தவன் நான் என்று அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் தட்டுவது எதற்கு என்று அதுவரை எனக்கும் தெரியாது.

மீதிப் படத்தை நான் பார்க்கவில்லை. வீட்டுக்கு ஓடிவந்து வர்ணப் பெட்டியைக் கவிழ்த்து உன் பழைய கடிதத்தை எடுத்தேன். அன்றைக்கு மடித்துப் போட்ட மடிப்பு அப்படியே இருந்தது. இரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறாய்: "படக் கம்பெனியில கையில கொடுத்தது வேற பெட்டி. டைரக்டர் அங்கிட்டுத் திரும்பின நேரத்தில் நம்ம பெட்டியை மாற்றிவிட்டேன். நீ கொடுத்த டஜனில் கடைசிப் பெட்டிலே அது, இதுக்காகவே வச்சிருந்தேன். உன் படம் அம்மாம் பெருசா வரட்டும்." பிறகு, "பூரணியைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார். நீ முதலில் கண்டுபிடிக்கிறாயா அவளா என்று எனக்கு எழுது" என்று கேட்டிருக்கிறாய். அதற்கு நான் எழுதிய பதிலை நீ வைத்திருந்தால் தயவுசெய்து கிழித்துப் போடு.

பூரணி நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள். குருவியைப் பார்த்தேன் என்று சொன்னேன். சிவப்புப் பென்சிலைக் கீழே வைத்தாள். "அஞ்சு வருசமாச்சா ஒங்களுக்கு? மொத நாளே சொல்ல வந்தேன். அந்தப் பேரு இந்த வீட்ல கேக்கக் கூடாதுன்னீக. நானும் வீம்புக்காரிதான், நீங்களாப் பாத்துட்டு வந்து சொல்லுற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு இருந்துட்டேன்" என்றாள். பிறகு அழுதுவிட்டாள். "யாரப் பாக்கப் போனேன்னு நெனச்சீக? அந்தக் குருவி நாந்தான? ஊரு முழுக்க என்னப் பாத்துக் கைதட்டுது, கட்டுனவரு மட்டும் வந்து பாக்கலையேன்னு ஒவ்வொரு தடவையும் நெனப்பேன்" என்றாள்.

இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முடியவில்லை. அவளிடம் சொன்னதை உன்னிடமும் சொல்ல வேண்டும்.

1959-ல் நீ வேலை கேட்டபோது வேலை இருந்தது. அச்சடித்த லேபிளை எண்ணி அடுக்கிக் கட்டுப் போடுகிற வேலை. காலை நீட்டி உட்கார்ந்தே செய்யலாம். நல்ல ஆளாக இருந்தால் சொல்லும் என்று எங்கள் பிரஸ் போர்மேன் என்னிடம்தான் சொல்லியிருந்தார். உன் கடிதம் சட்டைப் பையில் இருக்கும்போதே, எனக்கு யாரையும் தெரியாது என்று சொல்லிவிட்டேன். நீ வர வேண்டாம் என்று பூரணி சொன்னதாக எழுதினேனே, அவள் அப்படிச் சொல்லவில்லை. உனக்குக் கால் ஒடிந்ததே அவளுக்குத் தெரியாது. அவள் பெயரைப் போட்டால் நீ மறுபடி கேட்க மாட்டாய் என்று தெரிந்தே எழுதினேன். கேட்காமலே இருந்துவிட்டாய்.

இதைச் சொன்னதும் பூரணி நோட்டுகளை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனாள். இரண்டு நாள் எனக்குச் சோறு போட்டாள், முகம் பார்க்கவில்லை. இன்று காலையில் கோயிலிலிருந்து திரும்பும்போது, "கடுதாசிய நீங்களே எழுதுங்க. நான் எழுதுனா அத்தான் எனக்காக வரும். ஒங்களுக்காக வரணும்" என்றாள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். எட்டுத் தாள் கிழித்துப் போட்டாகிவிட்டது.

வேலை இப்போதும் இருக்கிறது. போர்மேனிடம் நேற்றே நடந்ததைச் சொல்லிவிட்டேன். அவர் என்னை என்ன சொன்னார் என்பது இங்கே வேண்டாம். கருத்தப்பாண்டி லோடை இறக்கிவிட்டு வெள்ளிக்கிழமை காலி லாரியோடு திரும்புகிறான். முன்சீட்டில் உனக்கு இடம் சொல்லியிருக்கிறேன், காலை நீட்டிக்கொள்ளலாம். பின்கட்டு அறையில் இருந்த என் அச்சுக் கல்லையும் வர்ணங்களையும் எடுத்துவிட்டுப் பூரணி சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருக்கிறாள். நீ வந்தால் அத்தான் என்றுதான் கூப்பிடுவாள். எனக்குச் சுருக்கென்றுதான் இருக்கும், பொய் சொல்ல மாட்டேன். அதோடு நான் இருந்துகொள்கிறேன்.

உன் கையை உலகமே பார்த்தாகிவிட்டது. உன் முகம்தான் படத்தில் தெரியவில்லை, ஒரே நிழல். அதைப் பார்த்து ஏழு வருஷமாகிறது. லாரியில் ஏறுகிறவரைக்கும் கருத்தப்பாண்டி உன்னை விடமாட்டான். ஏறிவிடு சுந்தர்ராஜ். மன்னிப்பதா வேண்டாமா என்பதை இங்கே வந்து, என் முகத்துக்கு நேரே சொல்.

வருகிற வழியெல்லாம் கர்த்தர் உன் கூடவே இருப்பாராக.

வெள்ளி இரவு லாரி ஷெட் வாசலில் நிற்கப்போகிற,
இன்பராஜ்.